மலைச்சரிவில் இறங்கும்போது கார்புரேட்டரில் பனி உறைதல்: ஆர்22 ஓட்டியவர்களிடம் ஒரு கேள்வி

கோத்தகிரி மாணவன்:

அனைவருக்கும் வணக்கம். வெளிநாட்டில் ஒரு பயிற்சிப் பள்ளியில் ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டரில் இதுவரை 48 மணி நேரம் பறந்திருக்கிறேன். இப்போது இரண்டு மாத விடுமுறையில் கோத்தகிரி வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு நடந்த ஒன்று இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை.

அன்று வெளி வெப்பநிலை 17 டிகிரி. முந்தின இரவு நல்ல மழை பெய்திருந்தது. காலையில் வானம் தெளிந்து, அங்கங்கே மேகத் துண்டுகள் மட்டும் நின்றன. ஓர் ஏரியின் மேல் 2,500 அடி உயரத்தில் கால் மணி நேரம் சீராகப் பறந்தபின், இறங்குவதற்காக, ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் இடதுகை நெம்புகோலான கலெக்டிவைத் தாழ்த்தினேன். நாலைந்து நொடிகளில் எஞ்சின் இருமத் தொடங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த பயிற்றுநர் கார்புரேட்டரைச் சூடாக்கும் கார்ப் ஹீட்டை முழுவதுமாக இழுத்துவிட்டார். இழுத்ததும் சரியாகும் என்று பார்த்தால் இருமல் இன்னும் மோசமாகி, நின்றேவிட்டது என்று நான் முடிவு கட்டிய நேரத்தில் எஞ்சின் மெல்லச் சீரடைந்தது.

எனக்குப் புரியாதது இதுதான். கார்புரேட்டர் வெப்பநிலையைக் காட்டும் முள், பனி உறையும் எல்லையாகக் குறிக்கப்பட்ட மஞ்சள் பட்டைக்கு வெளியேதான் நின்றது. அதை நான் இறங்கும் முன்பும் பார்த்தேன், இறங்கும்போதும் பார்த்தேன். சீராகப் பறந்த அந்தக் கால் மணி நேரத்தில் ஆர்பிஎம்மும், எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தமான மேனிஃபோல்டு அழுத்தமும் துளியும் அசையவில்லை. பள்ளியில் கேட்டபோது, "ஈரமான நாள், அப்படித்தான் இருக்கும்" என்பதற்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை.

இங்கே வந்த பிறகு தினமும் மாலை நான்கு மணி வாக்கில் மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து மேகம் சரிவேறி வருவதைப் பார்க்கும்போதெல்லாம், இதே எஞ்சினை இந்த மலையில் ஓட்டினால் என்ன ஆகும் என்ற கேள்விதான் எழுகிறது. ஜனவரி உறைபனிக் காலத்தை மட்டும் தவிர்த்தால் போதுமா? அல்லது மலையில் இருக்கும்வரை கார்ப் ஹீட்டை முழுவதும் போட்டே வைத்துவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கோவை பயிற்றுநர்:

தம்பி, கருவிகள் எதுவும் பழுதில்லை. அவை எதை அளக்கின்றன, எங்கே நின்று அளக்கின்றன என்பதைப் பார்த்தால் அன்று நடந்தது புரிந்துவிடும்.

முதலில் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். ஊசி போடும் முன் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதல்லவா, கார்புரேட்டருக்குள் அதுவேதான் இடைவிடாமல் நடக்கிறது. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கார்புரேட்டருக்குள் காற்று செல்லும் வெஞ்சுரி என்ற குழலின் குறுகலில் காற்றின் அழுத்தம் விழுவது அதோடு சேர்ந்துகொள்கிறது. இரண்டும் சேர்ந்து உள்ளே வெப்பநிலையை 30 டிகிரிக்கும் மேல் இறக்கிவிடக்கூடும். 17 டிகிரியில் உள்ளே போன காற்று, அதன் வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலின் தகட்டைத் தொடும்போது பூஜ்ஜியத்துக்குப் பல டிகிரி கீழே இருக்கும். அதிலுள்ள ஈரம் தகட்டின் விளிம்பில் பனிக்கட்டியாகப் படியும். வெளியே 30 டிகிரி இருந்தாலும் இது நடக்கலாம் என்று ராபின்சன் நிறுவனத்தின் 25-ஆம் பாதுகாப்பு அறிவிப்பே சொல்கிறது. பக்கத்தில் நீர்நிலை இருந்தால், பொதுவாக உலர்ந்த காற்றிலும்கூடக் கவனமாக இருக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. நீங்கள் ஏரிக்கு மேலேயே இருந்திருக்கிறீர்கள்.

இரண்டாவதாக, ஆர்பிஎம் ஏன் அசையவில்லை? இறக்கைக் கோணம் மாறாத ப்ரொபெல்லர் கொண்ட சிறு விமானத்தில் பனி படிந்தால் ஆர்பிஎம் மெல்ல விழும். ஓட்டுபவருக்கு அதுவே எச்சரிக்கை. ஆர்22-இல் எஞ்சின் 80 சதவீத ஆர்பிஎம்மைத் தாண்டியதும், ஆர்பிஎம்மைத் தானாகவே மாறாமல் வைத்திருக்கும் கவர்னர் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. பனி காற்றின் வழியை ஓரிழை அடைத்தால், கவர்னர் த்ராட்டிலை ஓரிழை திறந்துவிடுகிறது. எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவு மாறுவதில்லை. ஆகவே ஆர்பிஎம்மும் மாறாது, மேனிஃபோல்டு அழுத்தமும் மாறாது. கவர்னர் இப்படிப் பனியை மறைத்துவிடும் என்பதை எச்சரிப்பதற்கென்றே 31-ஆம் அறிவிப்பு தனியாக வெளியிடப்பட்டது. ஒரே ஒரு தடயம் உங்கள் இடது கையில் இருந்திருக்கும்: கலெக்டிவை நீங்கள் அசைக்காமலே, அதிலுள்ள த்ராட்டில் கைப்பிடியின் முறுக்கு திறக்கும் பக்கமாக நூல் நூலாக நகர்ந்திருக்கும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது தெரியவே தெரியாது. மாணவர்கள் பெரும்பாலும் இறுக்கித்தான் பிடிப்பார்கள்.

கால் மணி நேரமாகப் பனி சேர்ந்த நிலையில் நீங்கள் கலெக்டிவைத் தாழ்த்தினீர்கள். அதோடு இணைந்த த்ராட்டில் தகடு மூடிக்கொள்ள வந்தது. வெறும் தகடாக இருந்தால் எஞ்சின் ஓடுவதற்குப் போதுமான இடைவெளி விட்டிருக்கும். விளிம்பில் பனி மேடிட்டிருந்ததால் அந்த இடைவெளியும் அடைபட்டது. பறக்கும்போதெல்லாம் பனி சேர்கிறது, எஞ்சின் நிற்பது இறங்கத் தொடங்கும்போது.

வெப்பநிலை முள்ளைப் பொறுத்தவரை, த்ராட்டில் பெரிதும் மூடிய நிலையில் அழுத்தமும் வெப்பநிலையும் கடுமையாக விழும் இடம், அளக்கும் முனை இருக்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. அதனால்தான் மேனிஃபோல்டு அழுத்தம் 18 பாதரச அங்குலத்துக்குக் கீழே போகும் எந்த நிலையிலும், முள் எங்கே நின்றாலும் அதைப் பாராமல் கார்ப் ஹீட்டை முழுவதும் போட வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். மஞ்சள் பட்டை கழித்தல் 15 முதல் கூட்டல் 5 டிகிரி வரை. மிதப்பிலும் (ஒரே இடத்தில் நிற்பது) ஏற்றத்திலும் சீரான பறப்பிலும் முள்ளை அதற்கு வெளியே வைத்திருப்பது உங்கள் வேலை. இறக்கத்தில் அந்த முள்ளை நம்புவதற்கில்லை. கலெக்டிவைத் தாழ்த்துவதற்கு முன்பே ஹீட்டைப் போட்டிருக்க வேண்டும். அன்று விடுபட்டது அது ஒன்றுதான். அதை உங்களிடம் சொல்லித் தந்திருக்க வேண்டிய பள்ளி சொல்லித் தரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஹீட் போட்டதும் இருமல் கூடியது இயல்பு. உருகிய நீர் எஞ்சின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். போதாததற்குச் சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடுகிறது. அந்த நேரத்தில் பயந்து ஹீட்டைத் திரும்ப உள்ளே தள்ளியவர்கள்தான் எஞ்சினை இழக்கிறார்கள். உங்கள் பயிற்றுநர் கையை எடுக்காமல் இருந்தது சரியான செயல்.

கேத்தி தேயிலைத் தோட்டம்:

எனக்கு ஹெலிகாப்டர் தெரியாது. ஆனாலும் இதைப் படித்ததும் என் பழைய புல்லட் நினைவுக்கு வந்ததால் எழுதுகிறேன். பொருத்தமில்லை என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990-களின் இறுதியில், ஐப்பசி கார்த்திகை மழைக் காலத்தில் கேத்தியிலிருந்து லவ்டேல் வழியாக ஊட்டிக்கு அந்த வண்டியில் போவேன். மூடுபனியில் முன்னால் பத்தடி தெரியாது என்பதால் ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருகியபடி ஊர்ந்துதான் போக முடியும். லவ்டேலை நெருங்கும்போது எஞ்சின் மிஸ் அடித்து நின்றுவிடும். எத்தனை உதைத்தாலும் கிளம்பாது. அங்கேயே ஒரு கடையில் டீ குடித்துவிட்டு வந்து உதைத்தால், ஒன்றுமே நடக்காதது போல முதல் உதையிலேயே பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்கிடம் விட்டால் கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை ஊதித் துடைத்து, "குப்பை எதுவும் இல்லையே" என்று திருப்பித் தருவார். இப்படி மூன்று முறை பணம் கொடுத்தேன்.

நான்காவது முறை நின்றபோது குனிந்து தொட்டுப் பார்த்தேன். சிலிண்டரின் இறக்கைகள் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தன. அதற்கு நான்கு விரல் பின்னால் இருந்த கார்புரேட்டரின் உடம்பில், ஜனவரி விடிகாலைப் புல்வெளி போல, வெள்ளைப் பொடி பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், வந்தது. டீ குடிக்கும் நேரத்தில் எஞ்சினின் சூடே அதை உருக்கிவிடுகிறது. ஆகவே மெக்கானிக்கின் கைக்கு வண்டி போகும்போது குற்றத்தின் தடயமே இருப்பதில்லை. பிறகு குன்னூரில் ஒரு பெரியவர் சிலிண்டருக்குப் பின்னாலிருந்து சூடான காற்று கார்புரேட்டருக்குள் போகும்படி ஒரு தகரத்தை வளைத்துக் கட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மேட்டுப்பாளையம் இறங்கினால் வண்டிக்கு இழுவை குறையும், அங்கே தகரத்தைக் கழற்றி வைத்துவிடுவேன்.

நீங்கள் சொல்லும் கார்ப் ஹீட்டும் இதே தகரம்தானா?

வெலிங்டன் ஓய்வு பெற்ற டெக்னீஷியன்:

அதே தகரம்தான் ஐயா. எக்ஸ்ஹாஸ்ட் குழாயை ஒட்டிச் சூடேறிய காற்றைக் கார்புரேட்டருக்குத் திருப்பிவிடுவதுதான் கார்ப் ஹீட். நீங்கள் சொன்ன "தடயம் இருப்பதில்லை" என்பதும் முற்றிலும் உண்மை. எஞ்சின் நின்று விழுந்த ஹெலிகாப்டரை ஆய்வாளர்கள் பிரித்துப் பார்க்கும்போது பனி உருகிப் போயிருக்கும், எஞ்சின் நன்றாகவே ஓடும். அன்றைய வெப்பநிலையையும் பனிநிலையையும் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) வைத்து ஊகிப்பதைத் தவிர வேறு வழியிருக்காது.

நான் பணியில் இருந்த காலமெல்லாம் டர்பைன் எஞ்சின்கள்தாம். ஆர்22-இல் இருப்பது போன்ற லைகமிங் எஞ்சினை ஓய்வுக்குப் பிறகுதான் தனியார் வேலையில் தொட்டேன். எனவே மாணவரின் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்: மலையில் என்ன மாறுகிறது?

நம் பேச்சில் ஒரு சிக்கல் இருக்கிறது. புல்லின் மேல் நீராக நிற்பதும் பனி, கண்ணை மறைப்பதும் பனி, தலைக்குந்தாவில் வெள்ளையாகப் படிவதும் பனி. எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்பதால், கார்புரேட்டரில் பனி என்றதும் ஜனவரி நினைவுக்கு வருகிறது. ஜனவரியில் விடிகாலை ஆபத்து உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வெயில் ஏறியபின் காற்று உலர்ந்துவிடுகிறது. இந்த மலையில் நான் அதிகம் அஞ்சுவது அக்டோபர், நவம்பரில், குன்னூரில் 16, 18 டிகிரியில், வேட்டி காயாத நாட்களை. வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் இடையே ஓரிரு டிகிரிதான் இருக்கும். பனி உறையும் வாய்ப்பைக் காட்டும் வரைபடத்தில் அந்த நாளைக் குறித்தால், எந்த அளவு பவரிலும் கடுமையாக உறையும் என்ற பகுதிக்குள் போய் விழும்.

மேட்டுப்பாளையத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே 28 டிகிரி, பனிநிலை 22 என்றால் இடைவெளி 6. ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 125 மீட்டர் என்று கொண்டால் மேகத்தின் அடித்தளம் தரையிலிருந்து 750 மீட்டர், அதாவது கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,050 மீட்டர். ஹில்குரோவ் ரயில் நிலையத்தை ஒட்டிய உயரம். ஊட்டி 2,240 மீட்டர். அங்கிருந்து கீழே இறங்கினால், மேகத்துக்கு வெளியே, ஆனால் அதன் ஓரமாகவே, ஈரம் நிறைந்த காற்றில் நீண்ட இறக்கம், குறைந்த பவர், பாதிக்கு மேல் மூடிய த்ராட்டில். மாணவருக்கு ஏரியின் மேல் நடந்தது இறக்கத்தின் முதல் சில நொடிகளில். இங்கே அதே நிலை பல நிமிடங்கள் நீடிக்கும்.

அடுத்தது பவர். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தமே ஏறத்தாழ 23 பாதரச அங்குலம்தான். த்ராட்டிலை முழுவதும் திறந்தாலும் மேனிஃபோல்டில் அதற்கு மேல் கிடைக்காது. ஆர்22 பீட்டா-2-இல் இருக்கும் ஓ-360 எஞ்சின் இயல்பாக 180 குதிரைத்திறன் தரக்கூடியது; அதில் 124 மட்டுமே தொடர்ந்து எடுக்க அனுமதி. சமவெளியில் அந்த மிச்சம் கையிருப்பாக இருக்கிறது, அதற்கு விலையாக த்ராட்டில் எப்போதும் ஓரளவு மூடியே இருப்பதால் பனிக்கு இடம் கொடுக்கிறது. மலையில் கையிருப்பு கரைந்துவிடுகிறது. அங்கே ஹீட்டை முழுவதும் போட்டால் 15 சதவீதம் வரை பவர் போகலாம். ஆகவே "மலையில் இருக்கும்வரை முழு ஹீட்" என்ற யோசனையோடு தீட்டுக்கல் ஹெலிபேடில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு எழுந்தால், கவர்னர் த்ராட்டிலை முழுவதும் திறந்த பிறகும் ஆர்பிஎம் தாழ்ந்து, 97 சதவீதத்தில் எச்சரிக்கை ஹார்ன் அடிக்கத் தொடங்கலாம். கவர்னரிடம் அதற்கு மேல் கொடுப்பதற்கு எதுவும் இருக்காது.

சுழலியின் கணக்கும் உயரத்தோடு மாறும். ஆர்22-இல் சுழலியின் ஆர்பிஎம், 80 சதவீதத்தோடு ஆயிரம் அடிக்கு ஒரு சதவீதம் கூட்டி வரும் அளவுக்குக் கீழே போனால் மீட்க முடியாது. ஊட்டி 7,300 அடிக்கு மேல். எனவே இங்கே எல்லை 87. எஞ்சின் நின்றால் கலெக்டிவைத் தாழ்த்த உங்களுக்குக் கிடைப்பது ஒரு நொடியைச் சற்று ஒட்டிய நேரம். தாழ்த்தி, ஆட்டோரொடேஷனில் (எஞ்சின் இல்லாமல், காற்றே சுழலியைச் சுற்ற) இறங்கினாலும் கீழே இருப்பது சோலைக்காடு, இல்லையென்றால் நடுநடுவே சில்வர் ஓக் நிற்கும் தேயிலைச் சரிவு. ஏரிக்கரைப் புல்வெளி இங்கே வாய்க்காது.

பர்லியாறு வாசகர்:

ஓர் ஐயம். 2021 டிசம்பர் 8 அன்று காட்டேரி அருகே நடந்த ஹெலிகாப்டர் விபத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்க முடியுமா?

வெலிங்டன் ஓய்வு பெற்ற டெக்னீஷியன்:

முடியாது. அது எம்ஐ-17வி5; இரட்டை டர்பைன் எஞ்சின் கொண்டது, அதில் கார்புரேட்டரே கிடையாது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் மேகத்துக்குள் புகுந்து, ஓட்டுபவர் திசையுணர்வு இழக்க நேர்ந்தது என்பதே விசாரணைக் குழுவின் முதல்கட்ட முடிவாக 2022 ஜனவரியில் வெளியானது. இந்த இழையில் அதைப் பேச வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அன்று போன உயிர்களில் சிலரை இங்கே பலரும் அறிவோம்.

கோவை பயிற்றுநர்:

வெலிங்டன் பெரியவர் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன், ஒரே ஒரு திருத்தத்தோடு. முழு ஹீட் வேண்டாம் என்பதை, எழும்போது ஹீட்டே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறு விமானம் த்ராட்டிலை முழுவதும் திறந்து ஓடுகிறது. ஹெலிகாப்டரோ தேவையான பவரை மட்டும் எடுத்து எழுகிறது. எஞ்சினும் காற்றுக் குழாய்களும் குளிர்ந்து கிடக்கும் முதல் சில நிமிடங்கள் மிகவும் மோசமானவை. ஆகவே தரையில் எஞ்சின் சூடேறும் நேரம் முழுவதும் முழு ஹீட் போட்டு வையுங்கள். ஆர்22-இல் அந்தக் காற்றும் ஃபில்டர் வழியாகவே வருவதால் தூசிக்கு அஞ்ச வேண்டியதில்லை. எழும்போது முள் மஞ்சளுக்கு வெளியே நிற்கும் அளவுக்கு மட்டும் குறையுங்கள். அந்த அளவு ஹீட்டோடு மிதக்கப் பவர் போதவில்லை என்றால், எடையைக் குறைக்க வேண்டும் அல்லது அன்று பறக்காமல் இருக்க வேண்டும். ஹீட்டைக் குறைத்துச் சமாளிப்பது தீர்வாகாது.

புதிய ஆர்22-களில் கலெக்டிவோடு இணைந்த ஹீட் அசிஸ்ட் இருக்கிறது. கலெக்டிவைத் தாழ்த்தினால் அது ஹீட்டைக் கூட்டும், உயர்த்தினால் குறைக்கும். தரையில் அழகாகச் சரிசெய்து வைத்த அளவை, மிதப்புக்கு எழும் அந்த ஒரு அசைவே மாற்றிவிடும். எழுந்தபின் முள்ளை மறுபடி பார்த்துக் கையால் திருத்த வேண்டும். அசிஸ்ட் இருக்கிறதே என்று அதைப் பார்க்காமல் விடுபவர்கள் அதிகம்.

இன்னொன்று, தம்பி. ஆர்22-இல் பறக்கும்போது, பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்தும் மிக்ஸ்சரைத் தொடவே கூடாது. அவசரத்தில் கார்ப் ஹீட் என்று நினைத்து மிக்ஸ்சரை இழுத்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைத் தாங்களே நிறுத்தியவர்கள் உண்டு. ராபின்சனின் முதல் பாதுகாப்பு அறிவிப்பே அதைப் பற்றியதுதான். அதற்காகவே மிக்ஸ்சர் கைப்பிடியின் மேல் மாட்டும் ஒரு சிறிய பிளாஸ்டிக் உறையைக் கொடுத்திருக்கிறார்கள். எஞ்சினைக் கிளப்பும் முன் மாட்டினால், நிறுத்தும்போதுதான் அதைக் கழற்ற வேண்டும். அன்று அது மாட்டியிருந்ததா?

கோத்தகிரி மாணவன்:

எல்லோருக்கும் நன்றி. பதில்களைப் படித்தபின் இரண்டு வேலை செய்தேன். அப்பாவின் தேயிலைத் தொழிற்சாலை நண்பரிடம், இலை வாட்டும் அறையில் பயன்படுத்தும் ஈரக் குமிழ், உலர் குமிழ் வெப்பமானியை இரவல் வாங்கி வீட்டு வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன். நான்கு நாட்களாக மாலை நான்கு மணிக்கு இரண்டு குமிழ்களுக்கும் இடையே ஒரு டிகிரிகூட வித்தியாசம் வரவில்லை. வரைபடத்தில் நான்கு புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன.

பிளாஸ்டிக் உறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அண்ணா. மாட்டியதாகத்தான் நினைவு. சந்தேகம் தீர, அன்று எழுவதற்குச் சற்று முன் சுழலி ஓடிக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு அனுப்புவதற்காக எடுத்த படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். உறை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே கிடக்கிறது.